நானும் ஓவர்சியர் ஆகிவிட்டேன்

அன்புள்ள செல்வி,

உன் தீபாவளிக் கடிதத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் வேலை மாறியிருக்கிறாள். சின்னவன் வழக்கம்போல. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கோமதி சொன்னாள். சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுகிறாயா? பாட்டிலைப் பார்த்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வாரே!

இனி சேதி. மார்ச் மாதத்திலிருந்து நான் ஓவர்சியர்.

சிரிக்காதே. 1984-ல் உனக்குப் பொதுப்பணித் துறை வேலை உத்தரவு வந்த அன்று, விடுதி முழுக்க 'ஓவர்சியர் அம்மா, ஓவர்சியர் அம்மா' என்று உன் பின்னால் கத்திக்கொண்டு ஓடினோமே, வார்டன் துடைப்பத்தோடு வந்தாரே, அதே பதவிப் பெயர்தான். எங்கள் மலைப்பாதைச் சங்கத்தில் ஒரு துண்டுப் பாதையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்பவரை ஓவர்சியர் என்றே அழைக்கிறார்கள். சம்பளம் இல்லை, ஜீப் இல்லை. பாதை மட்டும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்து ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள், மலையின் கிழக்குச் சரிவில், ஒன்றரை மைல். நீல நிறப் பட்டை அடித்த கிளைப்பாதை. முப்பது வருடம் அதைக் கவனித்துவந்த பெரியவருக்கு வயது 83. முழங்கால் மாற்று அறுவை ஆனதிலிருந்து ஏற்றம் ஏற முடியவில்லை. போன மார்ச்சில் என்னைக் கூட்டிக்கொண்டு பாதைத் தொடக்கம் வரை வந்தார். அங்கே நிற்கும் கான்கிரீட் தூணின் தகட்டு வளையத்தில் ஒட்டியிருந்த பாசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஒரு நோட்டையும் மண்வெட்டியையும் என் கையில் கொடுத்தார். "மற்றதை நீயே நடந்து தெரிந்துகொள்" என்றார். அவ்வளவுதான். காருக்குத் திரும்பும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆறு வருடமாக நான் ஞாயிறுதோறும் போவது உனக்குத் தெரியும். அமெரிக்காவுக்குப் போய்க் காட்டில் மண் வெட்டுகிறாள் என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் சங்கத்தைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களில் சுமார் 2,190 மைல் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை இருக்கிறதே, அதை 1921-ல் பென்டன் மக்கே என்பவர் ஒரு கட்டுரையாகத்தான் எழுதினார். 1937-ல் பாதை முடிந்துவிட்டது. வெட்டியவர்களில் பெரும்பகுதி அங்கங்கே சங்கம் சேர்த்துக்கொண்ட சாதாரண மக்கள். எங்கள் பொடோமாக் சங்கம் 1927-ல் பிறந்தது. பெரிய பாதையில் 240 மைலும், கிளைகளையும் சேர்த்தால் ஆயிரம் மைலுக்கு மேலும் இதன் பொறுப்பு. ஒவ்வொரு மைலுக்கும் என்னைப் போல யாரோ ஒருவர் இருக்கிறார்.

கண்மாயை அரசாங்கம் எடுத்துக்கொண்ட அன்றே ஊர் அதைக் கைவிட்டது என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். ஊர்க்குடிகளே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் பழைய வழக்கமான குடிமராமத்தின் பெயரில் 2017-ல் அரசாங்கத் திட்டம் வந்தபோதும், பெயர் திரும்பியிருக்கிறது, குடி திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நிலம் முழுக்க அரசாங்கத்துடையது, வேலை குடிகளுடையது. நூறு வருடமாக இது நடந்துகொண்டிருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

முதலில் மரக்கதை. இங்கே ஆஷ் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று, 2002-ல் மிச்சிகனில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகிறது. மரத்துக்கு மேலே சாறு ஏறுவதில்லை. செத்த ஆஷ் மரம் முறுக்கு மாதிரி, எப்போது ஒடியும் என்று தெரியாது. பிப்ரவரிக் காற்றில் என் ஒன்றரை மைலில் மட்டும் ஏழு மரங்கள் பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தன. பூங்காவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 80,000 ஏக்கர், 1976-லிருந்து சட்டப்படி வனாந்தரப் பகுதி. அங்கே மோட்டார் ரம்பத்துக்கு அனுமதி இல்லை. என் பாதை அதற்குள்தான் போகிறது. ஆகவே இரண்டு பக்கமும் பிடி வைத்த ஆறடி ரம்பம், பயிற்சி முடித்துச் சான்று வாங்கிய இரண்டு பேர்.

என் கூட்டாளி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தொடங்கிய அன்று ஐந்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நான் இழுக்கவும் செய்தேன், தள்ளவும் செய்தேன், அதுதான் தப்பு. இழுக்க மட்டும் வேண்டும். எதிராளி இழுக்கும்போது கையைத் தளர்த்திக் கொடுத்துவிட வேண்டும். அப்போது எனக்கு என் ஆத்தாவும் சின்னாத்தாவும் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போட்டது நினைவுக்கு வந்தது. அந்தத் தாளத்தை மனதுக்குள் பிடித்துக்கொண்டேன், ரம்பம் தானாக ஓடத் தொடங்கியது. நன்றாகச் சாணை பிடித்த ரம்பம் தூளாக அறுக்காது தெரியுமா? நீள நீளமாக, சேமியா மாதிரி சுருள் சுருளாக மரத்தை வெளியே தள்ளும். காலடியில் அது குவிவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துவந்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை.

மரம் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, அறுத்துவிடலாம். பாதையைத் தின்பது தண்ணீர். உன்னிடம் சொல்ல வந்த பெரிய விஷயம் இதுதான், செல்வி. எனக்கு வேறு யாரிடமும் இதைப் பேச முடியவில்லை.

பெரியவரின் நோட்டில் பாதிக்குமேல் தண்ணீர்தான். 1996 செப்டம்பரில் ஃபிரான் புயல் வந்த வாரத்துக்கு நேரே 'பாதை இல்லை' என்று இரண்டே சொல். அடுத்த பதினான்கு மாதம் அதைத் திருப்பிக் கட்டிய கணக்கு, கல் கல்லாக. கடைசிப் பக்கத்தில் எனக்கென்று எழுதியிருந்தார்: மழை பெய்யும்போது ஒரு தடவை போய்ப் பார்.

போனேன். நீ கோபப்படாதே. 2018-ல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மலை என்று நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நீ என்ன பதில் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து போன ஆம்புலன்ஸ் வண்டிகளின் சத்தத்தை நீ வாசலில் நின்று கேட்டவள். அதனால்தான் சொல்கிறேன். இடி மின்னல் இல்லாத மழையாகப் பார்த்துப் போனேன், எந்த வழியில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனேன். எப்போதும் அப்படித்தான் போகிறேன்.

முதல் கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு இலைச் சருகுக்கு அடியில் ஒரு நூல் மாதிரி தண்ணீர் அசைந்தது. ஒரு ஓக் இலையைத் தூக்கிக்கொண்டு நாலடி வந்தது, நின்றது, பின்னால் வந்தது சேர்ந்ததும் மறுபடி நகர்ந்தது. பாதையின் வெளி ஓரம் தாழ்ந்திருந்தால் அது அங்கேயே சரிவில் இறங்கிப் போயிருக்கும். ஆனால் வருடக்கணக்காகக் கால்கள் நடுவை மிதித்து மிதித்து, ஓரத்தில் ஒரு சின்ன வரப்பு எழும்பிவிட்டது. தண்ணீர் வெளியேற வழி தேடி அந்த வரப்பை ஒட்டியே ஓடியது. ஓட ஓட நிறம் மாறியது. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகி, கடைசியில் காவியாகி, கல்லை உருட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் பதித்திருந்த குறுக்குக் கல்வரிசைக்கு வந்தது. அங்கே அது வெளியே திரும்பியிருக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் மண்ணும் சருகும் நிரம்பிக் கிடந்ததால் அதன் மேல் ஏறிக் குதித்துப் பாதையோடே இறங்கிப் போனது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வாயை வெட்டிவிட்டேன். நாலே நாலு வெட்டு. தண்ணீர் ஒரு நொடி சுழன்றது, பிறகு திரும்பியது. முழு ஓட்டமும் திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. எனக்குக் கீழே இருந்த பாதை அப்படியே அமைதியாகிவிட்டது. மழையில் நனைந்துகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐப்பசி மாத நள்ளிரவில் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கண்மாய்க் கரையைச் சுற்றிவரும், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டித் தாத்தாவைப் பற்றி நீ விடுதி மொட்டை மாடியில் சொல்வாயே, தண்ணீரோடு பேசுவார் என்று. அவர் என்ன பேசியிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எனக்கு வருத்தமெல்லாம் நடக்க வருகிறவர்கள் மேல்தான். ஒரு சின்னச் சேற்றைக் கண்டால் போதும், செருப்பு அழுக்காகாமல் ஓரமாகச் சுற்றிப் போகிறார்கள். ஒரு அடிப் பாதை ஒரே கோடையில் ஐந்தடி ஆகிவிடுகிறது. வளைந்து ஏறும் இடத்தில் குறுக்கே விழுந்து இறங்குகிறார்கள். அந்தக் குறுக்குத் தடம் அடுத்த மழையில் ஓடை. சேற்றில் காலை வைத்து நேராக நட என்று பலகையா எழுதி வைக்க முடியும்? எதிரே வரும் ஒவ்வொருவரிடமும் நின்று சொல்கிறேன். பலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

இனி என் கவலை. ஒரு மைல் தாண்டியதும் பாதை ஒரு பழைய மாட்டுவண்டித் தடத்தில் சேர்கிறது. சரிவில் நேர்க்குத்தாக ஏறும் தடம். நூலும் பாகைமானியும் வைத்து அளந்தேன், 12 டிகிரி, அதாவது நூறு அடிக்கு 21 அடி ஏற்றம். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது. வேர்கள் வெளியே தொங்குகின்றன. பத்துக் கல்வரிசையாவது வேண்டும். சுற்றிலும் பதிக்கத் தோதான கல் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே முப்பதடி நீளத்துக்குக் கல்சுவர் இருக்கிறது, தட்டைத் தட்டையான, கையளவுக்கு வெட்டியெடுத்தது போன்ற கற்கள். அதில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் நான் தொடமாட்டேன்.

அது ஒரு வீட்டின் சுவர், செல்வி. இந்தப் பூங்கா காலி நிலத்தில் வரவில்லை. 1928-ல் வர்ஜீனியா சட்டம் போட்டு மலையிலிருந்த நிலங்களை மொத்தமாகக் கையகப்படுத்தியது. 1935-ல் பூங்கா பிறந்தது. சுமார் 500 குடும்பங்கள் மலையிறங்க வேண்டியிருந்தது. வயதான சிலரை மட்டும் சாகும்வரை இருக்கட்டும் என்று விட்டார்கள், அவர்களில் கடைசிப் பெண்மணி 1979-ல் இறந்தார். அடுப்புப் புகைபோக்கியின் அடிப்பகுதி இன்னும் நிற்கிறது. வாசல் இருந்த இடத்தில், ஏப்ரல் பிறந்ததும், மஞ்சள் டாஃபடில் பூக்கள் இரண்டு வரிசையாகப் பூக்கின்றன. காட்டில் தானாக முளைக்கிற பூ இல்லை அது. யாரோ ஒருத்தி கிழங்கு வாங்கி நட்டிருக்கிறாள். நடைபாதைக்கு இரண்டு பக்கமும், அளந்து. தொண்ணூறு வருடமாக ஆளில்லாத வாசலில் அது பூத்துக்கொண்டிருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், புளிசாதம். அணைக்குள் போன உன் பாட்டி ஊரில், கோடையில் தண்ணீர் வற்றியதும் கோயில் படி தெரியும் என்று பாட்டி பஸ் பிடித்துப் பார்க்கப் போவாரே, அந்த முகம்தான் ஒவ்வொரு தடவையும் எனக்கு வருகிறது.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன், ஓவர்சியர் அம்மா. எனக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரித்த தடத்திலேயே மரக்கட்டைகளைச் சாய்வாகப் பதித்துத் தண்ணீரைப் படிப்படியாகத் திருப்புவது. இங்கே லோகஸ்ட் என்றொரு மரம் மண்ணில் எளிதில் மக்காது, விழுந்து கிடப்பதே போதும். மற்றது, தடத்தைக் கைவிட்டு, சரிவின் குறுக்கே புதிதாக வளைத்துப் பாதை வெட்டுவது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வெட்டினால் ஐம்பது வருடம் நிற்கும். ஆனால் பூங்காவின் அனுமதி வேண்டும், ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? கடைசிப் பணிநாளுக்கு வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வளைத்து வெட்டினால் பாதை அந்த வாசலைத் தொடாமலே போய்விடும். அப்புறம் பூக்களை யார் பார்ப்பார்கள்? பெரியவரைக் கேட்டேன். உன் பாதை, நீ முடிவு செய் என்கிறார்.

கோட்டுப் படம் இணைத்திருக்கிறேன். சரிவின் அளவு, மண்ணின் நிறம், வேர்கள், எல்லாம் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் எத்தனை அடி விட வேண்டும்? குறுக்கே 45 டிகிரி வைத்தால் போதுமா, இந்த ஏற்றத்துக்கு இன்னும் சாய்க்க வேண்டுமா? தண்ணீர் வெளியேறும் வாயில் மண் அறுக்காமலிருக்க நீங்கள் கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்குக்குக் கீழே என்ன பரப்புவீர்கள்? ஜூன் முதல் வாரத்தில் ஆறு பேர் இரண்டு நாள் வருகிறார்கள். மே முடிவதற்குள் உன் பதில் என் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வனத்துறை மலையேற்றத்துக்குத் திறந்த 40 பாதைகளைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கு அடுத்த கடிதத்தில் பதில் சொல்கிறேன். வழிகாட்டிகளாகச் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகள் பாதையையும் அவர்களே பராமரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல். உன் பச்சை நோட்டில் கலுங்கு வரைந்து வைத்திருந்தாயே, அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அண்ணனுக்கு என் வணக்கம். கோமதியிடம் பேசினால் என் சேலை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது என்று சொல்.

உன்
வசந்தா