காயில் ஓமை வைத்து மோட்டாரின் வாட்டைக் கணக்கிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் மின்தடை, மின்திறன் கணக்குகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், இரண்டையும் பெருக்கினால் வாட் என்பதைப் பிள்ளைகளுக்குப் பிடிபடும்படி சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், வீட்டில் உள்ள எந்தச் சாதனத்துக்கும் மல்டிமீட்டரில் ஓம் பார்த்து, வீட்டு வோல்ட்டேஜான 230-இன் வர்க்கத்தை அதனால் வகுத்தால் அது எத்தனை வாட் என்று தெரிந்துவிடும் என்று எழுதி, தண்ணீர் மோட்டாரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நான் திருநெல்வேலி டவுனில் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இஸ்திரிப் பெட்டிக்கு அந்தக் கணக்கு சரி. 1000 வாட் பெட்டியின் காயில் ஏறக்குறைய 53 ஓம் காட்டும். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி எவ்வளவு சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறாது. அதனால் ஆறிக் கிடக்கும்போது பார்த்த ஓமை வைத்தே வாட்டைச் சொல்லிவிடலாம். பழைய குண்டு பல்பிலேயே இது சறுக்கிவிடும். 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டுப் பார்த்தால் மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. ஜெர்மானியரான ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைப் பாடப்புத்தகம் சொல்லும்போது ‘மாறா வெப்பநிலையில்’ என்று தொடங்குவது இதனால்தான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆசிரியர்கள் அங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மோட்டார் சங்கதி முற்றிலும் வேறு. ஒரு எச்.பி. (குதிரைத்திறன்) சிங்கிள் பேஸ் மோட்டாரின் ரன்னிங் காயில், அதாவது ஓடும்போது வேலை செய்யும் முக்கியச் சுருள், நான்கு ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையில் சொன்னபடி வகுத்தால் 13,225 வாட் வரும்; ஏறக்குறைய 18 எச்.பி. அந்த மோட்டாரை ஓடவிட்டு கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) போட்டால் ஆறு, ஆறரை ஆம்பியர்தான் இழுக்கும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, ஓம் விதியும் பொய்க்கவில்லை. மோட்டார் ஓடும்போது அதன் காயிலிலேயே எதிர்த் திசையில் ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. வருகிற 230 வோல்ட்டில் பெரும்பங்கை அது தடுத்து நிறுத்திவிடுகிறது. செம்புக் கம்பியின் தடைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் அதுவே வாட் ஆகிவிடாது. 230 வோல்ட், ஆறரை ஆம்பியர் என்றால் 1495. அதைப் பவர் பேக்டரால் (அந்தப் பெருக்குத் தொகையில் உண்மையில் வாட்டாக மாறும் பங்கு), உதாரணத்துக்கு 0.8-ஆல், பெருக்கினால் கிட்டத்தட்ட 1200 வாட். மூன்று பேஸ் மோட்டாருக்கு 1.732 என்ற எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள எச்.பி., மோட்டார் தண்டில் வெளியே தரும் வேலை. ஒரு எச்.பி. 746 வாட் என்றாலும் மோட்டார் கரண்டாக எடுப்பது அதைவிடக் கூடுதல்.

இதைப் பரீட்சைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கிணற்றை நம்பி வாழையும் காய்கறியும் போடுகிறவர்களுக்குக் கோடையில் மோட்டார் எரிந்தால் பயிரே போச்சு. வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும், மோட்டாருக்கு அது நல்லதுதானே என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இஸ்திரிப் பெட்டிக்கு அப்படித்தான்: 180 வோல்ட்டில் அந்த 1000 வாட் பெட்டி 610 வாட் அளவுக்கே சூடாகும். ஆனால் மோட்டார் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ளியாக வேண்டும். வோல்ட்டேஜ் இறங்கினால் அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். எட்டு ஆம்பியர் பத்தாக ஏறினால் காயிலின் சூடு கால் பங்குதான் கூடும் என்று நினைக்கிறார்கள். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 64 இருந்த இடத்தில் 100. பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகிக் காயில் போவது இந்த வழியில்தான்.

கிணற்றடிக்குப் போகும் கேபிளில் ஓம் விதி அப்படியே பொருந்தும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை ஓம். 300 மீட்டர் இழுத்தால் ஒரு கம்பிக்கு இரண்டேகால் ஓம். எட்டு ஆம்பியர் ஓடினால் ஒரு கம்பியில் 140 வாட்டுக்கு மேல் சூடாகவே வீணாகிறது. மூன்று பேஸ் மோட்டார் என்றால் மூன்று கம்பிக்கும் சேர்த்து 420-க்கு மேல். அங்கே நான்கு சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இழப்பு 270-க்குள் நின்றிருக்கும், மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜும் நன்றாக இருந்திருக்கும். வயர் வாங்கும்போது மிச்சம் பிடிக்கிற பணத்தைக் காயில் கட்டக் கொடுப்பதைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காயில் ஓம் பார்ப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேஸ் காயில்களும் ஒரே அளவு காட்டுகின்றனவா, எங்காவது சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். ஆறியிருக்கும்போது நான்கு ஓம் காட்டிய காயில், ஓடி நின்றதும் 4.8 காட்டினால் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கிறது என்று பொருள். காயிலுக்குள் விரல் விட்டுப் பார்க்க முடியாத இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி! பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாமே.

திருத்தம் வெளியிடும்போது இன்னொன்றையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓம் அளக்கும்போது பிளக் கழற்றியிருக்க வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஓமில் வைத்த மீட்டரைக் கரண்ட் உள்ள இடத்தில் தொட்டால் மீட்டர் வெடித்துக் கையைச் சுடலாம். மோட்டாரின் கண்டன்சர், சுவிட்சை அணைத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருந்து உதறிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் இரண்டு முனைகளில் மட்டும் அளந்து பழகட்டும். மோட்டாரைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை வாசகர்,
திருநெல்வேலி டவுன்