அலமாரியில் இருக்கும் புட்டிகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்காக நீ அனுப்பிய பூனைக்காலிப் பொடிப் புட்டிகள் இரண்டும் சென்ற செவ்வாயன்று வந்து சேர்ந்தன. இரண்டையும் பிரிக்காமல் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். "மூளையில் டோபமின் குறைந்துவிட்டது என்றால் டோபமினையே கொடுத்துவிட வேண்டியதுதானே, அம்மா?" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது நான் பதிலைத் தொடங்குவதற்குள் குக்கர் விசில் அடித்தது, உனக்கும் அலுவலகக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவளிடம் கேட்ட கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கும் என்று நீ நினைத்திருந்தால் அது உன் தவறு. ஆகவே, பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தாத்தாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தபோது இரத்த அழுத்தம் இறங்கியதும் சொட்டுச் சொட்டாக ஏற்றிய மருந்து என்ன தெரியுமா? டோபமின்தான், மூளையில் நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அதே பொருள். அது அவருடைய இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தூண்டி அழுத்தத்தை நிமிர்த்தியதே தவிர, அதில் ஒரு துளியும் மூளைக்குள் பயன்படும்படி போய்ச் சேர்ந்திருக்காது. மூளையின் நுண்குழாய்களுடைய சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி நெருக்கித் தைத்ததுபோல் அமைந்திருக்கின்றன. குருதியிலிருந்து எது உள்ளே போகலாம் என்பதை அந்தச் சுவரில் உள்ள கடத்திப் புரதங்கள் முடிவு செய்கின்றன. டோபமினுக்கு அங்கே வழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், மற்ற அமினோ அமிலங்கள் போகும் வழியிலேயே அதுவும் உள்ளே நுழைந்துவிடுகிறது. அப்பா விழுங்கும் மாத்திரையில் இருப்பது அதுதான். அதை டோபமினாக மாற்றும் வேலையை அவருடைய மூளையில் இருக்கும் நொதியே செய்துகொள்கிறது.

இந்தப் பாதையை முழுவதும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பருப்பிலும் பாலிலும் இருந்து வரும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை 'டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்' என்ற நொதி லெவோடோபாவாக மாற்றுகிறது. அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூற்றைக் கழற்றி டோபமின் ஆக்குவது 'டீகார்பாக்சிலேஸ்'. டோபமினை நாரட்ரினலினாக மாற்ற மூன்றாவதாக ஒரு நொதியும், நாரட்ரினலினை அட்ரினலினாக மாற்ற நான்காவதாக ஒன்றும் உண்டு. இதில் எனக்கு வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத செய்தி ஒன்று இருக்கிறது: இந்த வரிசையில் ஒரு செல் எதைச் சுரக்கும் என்பது, அதனிடம் எத்தனையாவது நொதி வரை இருக்கிறது என்பதைப் பொறுத்ததே. நடுமூளையின் கருநிறத் திட்டில் உள்ள செல்களில் முதல் இரண்டு நொதிகள் மட்டுமே இருப்பதால் அவற்றின் பயணம் டோபமினோடு நின்றுவிடுகிறது. மூளைத்தண்டின் வேறொரு சிறு திட்டில் மூன்றாவதும் இருப்பதால் அங்கே நாரட்ரினலின் கிடைக்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் நான்கும் இருப்பதால் அட்ரினலின் வருகிறது. அப்பாவுக்கு அழிந்துகொண்டிருப்பவை அந்தக் கருநிறத் திட்டின் செல்கள். கை நடுங்குவதும், நடை குறுகுவதும், முகம் இறுகுவதும் நமக்குத் தெரியவரும்போது அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

"அப்படியானால் டைரோசின் உள்ள உணவை நிறையக் கொடு" என்று அடுத்து நீ சொல்வாய். உன் பெரியம்மாவும் அதையே சொல்லி ஒரு கிலோ பாதாம் வாங்கி வந்தார். இந்த வரிசையில் மிக மெதுவாக வேலை செய்வது முதல் நொதியே. டோஷிஹாரு நகாட்சுவும் அவருடைய தோழர்களும் 1964-இல் அதை அடையாளம் கண்டார்கள். சாதாரண உணவு உண்பவரின் மூளையில் அந்த நொதிக்குத் தேவையான டைரோசின் பெரும்பாலும் நிறைந்தே இருக்கிறது. வாசலில் மேலும் ஆள் சேர்ந்தாலும் உள்ளே போகும் வேகம் கூடாது. போதாக்குறைக்கு, உண்டான டோபமினே அந்த நொதியின் மீது கடிவாளம் போடுகிறது. லெவோடோபாவைக் கொடுப்பது என்பது அந்த இறுக்கமான வாசலைச் சுற்றிக்கொண்டு போவதுதான். பாதாமை நானும் உன் பெரியம்மாவுமே தின்று தீர்த்தோம்.

இனி உன் பூனைக்காலிக்கு வருகிறேன். நீ வாங்கியது வெறும் விளம்பரச் சரக்கு என்று நான் சொல்லமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் 1937-இல் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மேல்படும் சுணையால் உடம்பெல்லாம் அரிக்கவைக்கும் அந்தக் கொடியின் விதைக்குள் இப்படியொரு பொருள் இருப்பது அப்போது வேதியியலாருக்கு ஒரு செய்தி, அவ்வளவே. மறு ஆண்டு ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ், சிறுநீரகச் சாறு இந்தப் பொருளை டோபமினாக மாற்றுவதைக் கண்டு, அந்த இரண்டாவது நொதி இருப்பதை நிறுவினார். ஆனாலும் டோபமின் என்பது நாரட்ரினலினுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் இடைப்பொருள் என்றே பலரும் கருதிவந்தார்கள். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-இல், நம் நாட்டுச் சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும், மூளையில் டோபமினை வற்றச்செய்யும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுச் சுருண்டு கிடந்தன. பிறகு லெவோடோபாவைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. வியன்னாவில் ஹார்னிகிவிச் 1960-இல், இந்த நோயால் இறந்தவர்களின் மூளைப் பகுதிகளை ஆராய்ந்து டோபமின் அங்கே வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். மறு ஆண்டே பிர்க்மேயரோடு சேர்ந்து, எழுந்து நிற்கமுடியாத நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசியாகப் போட்டு அவர்கள் நடப்பதைக் கண்டார். சென்னைக்கும் வியன்னாவுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். விதையைப் பிரித்தவர்கள் மருந்தைத் தேடியவர்கள் அல்லர், மருந்தைத் தேடியவர்கள் விதையை நினைத்தவர்களும் அல்லர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிறிது ஏக்கமாக இருக்கும்.

ஆனால் அந்தத் தொடக்க கால நோயாளிகளை வாந்தி படாதபாடு படுத்தியது. காரணம், டீகார்பாக்சிலேஸ் மூளையில் மட்டும் இருப்பதில்லை. குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அது ஏராளமாக இருக்கிறது. விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பங்கு மூளையை எட்டும் முன்பே டோபமினாகிவிடும். வாந்தியைத் தூண்டும் மூளைப் பகுதியோ அந்தக் காவல்சுவருக்கு வெளியே அமைந்திருப்பதால் குருதியில் ஓடும் டோபமின் அதை நேரே தொட்டுவிடும். அதற்கு வந்த தீர்வை நான் மருந்தியலின் அழகுகளில் ஒன்றாக வைப்பேன். கார்பிடோபா என்ற பொருள் டீகார்பாக்சிலேஸைத் தடுக்கும். ஆனால் அதனால் மூளைக்குள் போகமுடியாது. எனவே உடலின் நொதி முடங்க, மூளையின் நொதி தன் வேலையைப் பார்க்கிறது. எந்தச் சுவர் டோபமினைத் தடுத்ததோ, அதே சுவர் இங்கே உதவிக்கு வருகிறது. லெவோடோபாவின் அளவில் முக்கால் பங்கைக் குறைக்க முடிந்தது இதனால்தான். அப்பாவின் மாத்திரை அட்டையில் நீ பார்த்த 125 என்பது நூறு மில்லிகிராம் லெவோடோபாவும் இருபத்தைந்து மில்லிகிராம் கார்பிடோபாவும் சேர்ந்த கணக்கு.

அப்பா இட்லிக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரையை விழுங்குவதைப் பார்த்து நீ சிரித்தாய் அல்லவா? சாம்பாரின் பருப்பு செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளைச் சுவரிலும் ஒரே கடத்திக்குப் போட்டியிடுகின்றன. ஒருநாள் அடை சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டுக்கொண்டு, மதியம் வரை நாற்காலியைவிட்டு எழமுடியாமல் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் பருப்பு, பயறு எல்லாவற்றையும் பெரும்பாலும் இரவுக்குத் தள்ளிவிட்டேன்.

உண்டாக்கும் நொதிகளைப் பற்றியே எழுதிவிட்டேன். உடைக்கும் நொதிகளும் இதில் சரிபாதி. மேரி ஹேர் என்ற இளம் ஆய்வாளர் 1928-இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்த நொதியைத்தான் நாம் இன்று மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்கிறோம். அதன் பி வகை மூளையில் டோபமினைச் சிதைக்கிறது. அப்பா காலையில் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளும் ராசாஜிலின் என்ற சிறு மாத்திரை அதைத் தடுப்பதற்கானது. அது நொதியோடு பிரியாமல் ஒட்டிக்கொள்வதால், உடல் புதிதாக நொதியைச் செய்யும்வரை, அதாவது வாரக்கணக்கில், அதன் விளைவு நீடிக்கும். ஒருநாள் மறந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. லெவோடோபா அப்படியன்று. குருதியில் அதன் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நல்ல நிலையில் உள்ள நரம்புச் செல், வந்த டோபமினைச் சேமித்துவைத்து வேண்டியபோது விடும்; அப்பாவிடம் அப்படிச் சேமிக்கும் செல்கள் குறைந்துகொண்டே வருவதால், மாத்திரையின் ஏற்ற இறக்கம் அப்படியே அவருடைய கைகால்களில் தெரிகிறது. இப்போது உனக்குப் புரியும், ஒன்றுக்கு ஒரு நாளும் மற்றொன்றுக்கு அரைமணியும் ஏன் கணக்கு என்று.

ஹார்மோன்களுக்கு இதில் என்ன பங்கு என்றும் கேட்டிருந்தாய். நொதி எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்வது பல இடங்களில் அவைதான். மிகத் தெளிவான சான்று அட்ரீனல் சுரப்பியிலேயே இருக்கிறது. அதன் வெளிப்பட்டை கார்டிசாலைச் சுரக்கிறது. அந்தக் கார்டிசால் செறிந்த குருதி உட்பகுதியின் வழியாகப் பாய்ந்து, நாரட்ரினலினை அட்ரினலினாக்கும் நான்காவது நொதியை வளர்க்கிறது. உவுர்ட்மனும் ஆக்சல்ராடும் 1965-இல் கார்டிசாலைச் சுரக்கும்படி பட்டையை ஏவும் பிட்யூட்டரி சுரப்பியை எலிகளில் அகற்றிப் பார்த்தபோது அந்த நொதி சரிந்தது. கார்டிசால் வகை ஹார்மோனைக் கொடுத்ததும் மீண்டது. சுறாக்களில் பட்டையும் உட்பகுதியும் தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. அங்கே நாரட்ரினலினே மிகுதி. தைராய்டு வேறு விதமாக வேலை செய்கிறது: அது மிகும்போது குருதியில் அட்ரினலின் கூடாமலேயே இதயம் படபடத்துக் கை நடுங்கும், ஏனெனில் அட்ரினலினை ஏற்கும் புரதங்களை அது பெருக்கிவிடுகிறது. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே மருத்துவர் அப்பாவுக்குத் தைராய்டு சோதனை எழுதிக்கொடுத்தார்.

போன மாதம் நீ ஏறிய விமானம் தாமதமாகி, ஆறு மணி நேரம் உன்னிடமிருந்து செய்தி வராமல் இருந்தபோது, அப்பாவின் வலக்கை தம்ளரைப் பிடிக்கமுடியாத அளவுக்கு ஆடியது. மாத்திரை வேளை தவறவில்லை. பதற்றத்தில் பெருகும் அட்ரினலின் தசைகளையே நேரே தூண்டி நடுக்கத்தைக் கூட்டும். நீ இறங்கியதாகச் செய்தி அனுப்பிய அரைமணியில் கை அடங்கிவிட்டது. இதை உன்னைக் குறைசொல்ல எழுதவில்லை.

புட்டிகளைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. பூனைக்காலியில் லெவோடோபா உண்டு என்பதே சிக்கல் என்றார். விதைக்கு விதை, பொடிக்குப் பொடி அதன் அளவு மாறும். புட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி அளக்க முடியாது. அப்பாவின் உடலில் கார்பிடோபாவும் ராசாஜிலினும் ஏற்கெனவே இருப்பதால், பொடியிலிருந்து வரும் லெவோடோபாவும் வெளியில் வழக்கம்போல் வீணாகாமல் கூடுதல் வலிமையோடு மூளையை எட்டும். அளவு மிஞ்சினால் கழுத்தும் தோளும் தாமாக வளைந்து நெளியும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்தது போதும். மாத்திரையைக் குறைத்துப் பொடியைச் சேர்ப்பதானால், அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்கவேண்டும். இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். எனவே புட்டிகள் அலமாரியிலேயே இருக்கும். அப்பாவுக்கு நீ அனுப்பியதில் மிகுந்த மகிழ்ச்சி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

ஒன்று மட்டும் செய். நீ காலையில் ஆறரைக்கே அழைத்துவிடுகிறாய். அவர் அப்போதுதான் முதல் மாத்திரையை வாயில் போட்டிருப்பார். குரல் உள்ளே போயிருக்கும், நீ "சரியாகக் கேட்கவில்லை" என்பாய், அவர் என்னிடம் கொடுத்துவிடுவார். ஏழரைக்கு மேல் அழை. அதற்குள் மாத்திரை ஏறியிருக்கும், அவரே பேசுவார்.

அன்புடன்,
அம்மா