யாழ்ப்பாணத்துப் பெரியவர் கேட்ட கேள்வி

அன்புள்ள செல்விக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் வார்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர், "நான் என்ன பாவம் செய்தனான், பிள்ளை?" என்று கேட்டதும் வாயடைத்து நின்றுவிட்டேன் என்றாய். நின்றாயே, ஓடவில்லையே.

நான் ஓடியிருக்கிறேன். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் போக இருந்த ஓர் அக்காவின் நகைகளைக் கழற்றி அவர் தங்கையிடம் கொடுத்தேன், தாலியையும் சேர்த்து. அவர் அழுதார். "அழாதீங்க, கடவுள் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எந்தப் பெண்ணின் தாலியையும் நான் தொட்டதில்லை. கணவரை வரச் சொல்வேன். அவர் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிடுவார், பிறகு அவரே தாலியைக் கழற்றுவார். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அட்மிஷன் ஃபாரத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு அந்த மனிதர் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது அதில் இருக்காது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது மெதுவாகக் கேள். கைக்குத்தானே அப்போது வேலை, காது சும்மாதான் இருக்கும்.

உன் லண்டனில்தான் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் செயின்ட் கிறிஸ்டோபர்ஸைத் திறந்தார், குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. முதலில் நர்ஸாக இருந்து, பிற்பாடு டாக்டருக்குப் படித்தவர். உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நாலும் சேர்ந்துதான் ஒருவருடைய முழு வலி என்றார். அதே அம்மாதான் மார்ஃபினை வலி வரும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னவர். எனக்கு அதுதான் பெரிய பாடம். வலியில் துடிக்கிறவரிடம் சாமியைப் பற்றிப் பேசாதே, முதலில் மருந்து.

அப்புறம், பெரியவருக்குக் கர்மா விளக்கமெல்லாம் வேண்டாம். "அப்படியா தோணுது, ஐயா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். அவர் பேசட்டும். தேவாரம் பிடிக்குமா என்று கேள், பிடிக்கும் என்றால் போனில் போட்டுவிடு. நம் வீட்டுப் பிரார்த்தனையை அவர் மேல் திணிக்காதே. உன்னால் தாங்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரி சாப்ளினை, நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவரை, கூப்பிடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. இங்கே எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா