மங்கிய தகடு

திருவொற்றியூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குத்தான் இருமல் விட்டபாடில்லை.

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பக்கத்துக் காற்று அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே என்று கேட்டிருந்தாய். காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் டிரோப்போமி என்ற செயற்கைக்கோள் கருவி நம்மைக் கடப்பது மதியம் 1.30 வாக்கில். பெரும்பாலும் அதற்குள் கடற்காற்று எழுந்து மணலி ஆலைப் புகையை மேற்கே தள்ளியிருக்கும். நெடி தொண்டையைக் கமறவைத்து எங்களை எழுப்புவது நடுராத்திரியில். வெயில் இல்லாவிட்டால் அந்தக் கருவியால் அளக்கவே முடியாது. அதன் படத்தில் ஒரு கட்டம் 5.5க்கு 3.5 கிலோமீட்டர். எண்ணூர்ப் புகைபோக்கியும் கழிமுகமும் கடலும் அதற்குள்ளேயே கலந்துவிடும்.

இதையெல்லாம்விட என்னை யோசிக்கவைப்பது கருவியின் சொந்தப் பிழை. இரைச்சல் என்கிற தாறுமாறான பிழை ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும், மாதச் சராசரியில் அடங்கிவிடும். ஒரே பக்கம் சாய்கிற பிழை எத்தனை சராசரி எடுத்தாலும் போகாது. 1978இல் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் அதுதான் நடந்தது. பூமியிலிருந்து திரும்பும் ஒளியைச் சூரிய ஒளியோடு ஒப்பிட்டு ஓசோனைக் கணக்கிட்டார்கள். அந்தச் சூரிய ஒளியைக் கருவிக்குள் சிதறவிட ஒரு தகடு இருந்தது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுத் தகடே மங்கிப்போனது, குறுகிய அலைநீளங்களில் இன்னும் அதிகமாக. அதைச் சரியாகக் கழிக்காததால், ஓசோன் உண்மையில் குறைந்ததைவிட வேகமாகக் குறைவதாகக் கணக்கு வந்தது. தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவிகளோடு ஒப்பிட்டுத்தான் 1988இல் திருத்தினார்கள். நம் கொடைக்கானலிலும் டாப்சன் வைத்து அளந்திருக்கிறார்கள், தெரியுமா?

2004இல் ஏவிய ஓமி என்ற இன்னொரு செயற்கைக்கோள் கருவியில் 2007 முதல் படத்தின் சில வரிசைகள் கெட்டன. அது பரவாயில்லை, பார்த்தாலே தெரியும், ஒதுக்கிவிடலாம். மெல்ல மங்குவதுதான் மோசம். மாறியது காற்றா கருவியா என்று மேலிருந்து மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் எண்ணூரில் தரையிலிருந்து சூரியனைப் பார்த்து அளக்கும் பண்டோரா போன்ற கருவி ஒன்றும், பக்கத்திலேயே ராத்திரியும் ஓடுகிற கந்தக டை ஆக்சைடு மானி ஒன்றும் வேண்டுமென்று மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கருவிகளை அடிக்கடி அளவுதிருத்தம் செய்து, அந்தப் பதிவையும் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அப்புறம், உனக்கு ஆய்வகத்தில் இதே வேலையாச்சே. வரைவை அனுப்புகிறேன், அந்தப் பத்தியை மட்டுமாவது திருத்திக் கொடு.

அன்புடன்,
உன் நண்பன்