ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரே தொழில் வளாகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர் இருந்தோம். 2011-ல் 7,35,394 பேர். மாநிலத்தின் மக்கள்தொகை கூடிய அதே பத்தாண்டில் எங்கள் மாவட்டத்தில் குறைந்திருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். இங்கே வேலை இருந்தால் ஏன் போகப் போகிறார்கள்?

எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்குக் குறைவில்லை. விடிவதற்குள்ளேயே பெண்கள் தோட்டத்தில் இறங்கிப் பிடுங்குகிறார்கள். மூட்டைகள் கழுவும் மிஷினுக்குப் போய், அப்படியே லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுகின்றன. விலை நிர்ணயமாவது அங்கேதான். உடைந்ததும் கவட்டை விழுந்ததும் மாட்டுக்குப் போகிறது. விலை சரிந்தால் நல்ல கேரட்டையே பிடுங்காமல் விட்டுவிடுகிறோம். தரம் பிரிக்க, குளிர்பதனத்தில் வைக்க, நறுக்கிப் பொட்டலம் போட, உலர்த்த ஒரு இடம் இருந்தால் இந்த வேலைகள் எல்லாமே மலையில் நடக்கும்.

அதற்காக ஊருக்கு ஒரு தொழிற்பேட்டை கேட்பதில் அர்த்தமில்லை. இங்கே சமதளம் கிடைப்பதே அரிது. மலைப்பகுதிக் கட்டட விதிகளும் கடுமை, நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ஐந்து இடத்தில் மண்ணை வெட்டுவதைவிட, ஏற்கெனவே கட்டடம் உள்ள ஒரே இடத்தில் கேத்தி, அதிகரட்டி, நஞ்சநாடு, பாலகொலா, இத்தலார் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு வளாகம் அமைக்கலாம். கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் ஒன்று போதும்.

"இடம் அவர்கள் ஊரில், வரி அவர்களுக்கு, நமக்கு என்ன?" என்ற கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜாஸ்பர், மார்கன், நியூட்டன், வால்டன் என்ற நான்கு கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) சேர்ந்து ஸ்டான்டன் ஸ்பிரிங்ஸ் தொழிற்பூங்காவை நடத்துகின்றன. வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். சொத்து வரி, தொழில் வரியில் நம் ஊர்களும் அப்படி ஒரு பங்கு பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் ஆரம்பித்தால் முதல் வருஷமே சண்டை வரும்.

சேர்ந்து தொழில் செய்வது நமக்குப் புதிதும் இல்லை. சிறு தேயிலை விவசாயிகள் ஒன்றுகூடித்தான் 1960-களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைக் கட்டினார்கள். அவற்றுக்கான கூட்டமைப்பாக இன்கோசர்வ் 1965-ல் வந்தது. பசுந்தேயிலை விலையில் விவசாயிகளுக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆனாலும் அந்த ஆலைகள் இல்லாவிட்டால் தனியார் சொன்னதுதான் விலை என்று ஆகியிருக்கும்.

அப்புறம், ஒரே பெரிய நிறுவனம் வந்து எல்லாருக்கும் வேலை தரட்டும் என்று காத்திருப்பவர்கள் ஊட்டி இந்துநகர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். 1960-ல் தொடங்கிய, புகைப்பட பிலிம் தயாரித்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அது மூடியபோது அத்தனை குடும்பமும் ஒன்றாகத் தவித்தது. வளாகத்தில் பத்துச் சிறு தொழில்கள் இருந்தால், ஒன்று நொடித்தாலும் மற்றவை நிற்கும்.

நஞ்சநாடு, பாலகொலா, இத்தலார் ஊராட்சிகள் அக்டோபர் 2 கிராம சபையில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடட்டும். கேத்தியும் அதிகரட்டியும் பேரூராட்சிகள் என்பதால் மன்றக் கூட்டத்தில் நிறைவேற்றட்டும். ஐந்து தீர்மானங்களையும் ஒரே மனுவாக மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். பங்கு விகிதமும் அந்த மனுவிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கேரட் விவசாயி,
கேத்தி, நீலகிரி