சோளத்துளிர் மேய்ந்த அன்று ஓடிவந்தவர்களுக்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்கும், பக்கத்து ஊர்களில் இருந்து வந்து நின்றவர்களுக்கும், கால்நடை டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார்கள். அவர்களுக்கும் சேர வேண்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டு இன்னும் போன் வருகிறது. பாம்பு என்கிறார்கள், பூச்சிமருந்து அடித்த காட்டில் மேய்ந்துவிட்டது என்கிறார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை. ஆடுகளைச் சாய்த்தது சோளம்.

தை மாதம் சோளத்தட்டு அறுத்த காடு அது. கட்டை அப்படியே நின்றது. மாசி, பங்குனி வெயிலில் கருகிக் கிடந்த கட்டை, சித்திரையில் மழை விழுந்ததும் மளமளவென்று துளிர்த்துவிட்டது. முழங்கால் உயரம்கூட வரவில்லை, ஆனால் நல்ல கரும்பச்சை. கோடை முழுக்கக் காய்ந்த புல்லும் வேலங்காயும் தின்ற வாய்க்கு அந்தப் பச்சையைக் கண்டால் நிற்குமா? அன்று சாயந்திரம் அடித்த சூறைக்காற்றில் வேலிப்படல் பிய்த்துக்கொண்டு போய்விட, பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளாடுகள் மொத்தமும் உள்ளே புகுந்துவிட்டன. பின்னாலேயே எங்கள் மாடுகள் இரண்டும்.

முதல் நன்றி பக்கத்துத் தோட்டத்து அப்பாருக்கு. முதல் ஆடு விழுந்ததும் நாங்கள் எல்லோரும் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஆட்டின் வாயைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். "சோளத்துளிரு சாமி! வெரட்டாதீங்க, சத்தம் போடாதீங்க, மெதுவா வெளிய கூட்டிட்டு வாங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார். குச்சியை ஓங்கி ஓட்டியிருந்தால் மிரண்டு ஓடியே இன்னும் நாலைந்து விழுந்திருக்கும் என்று பிறகு டாக்டரம்மாவும் சொன்னார். உடம்பில் பிராணவாயு பற்றாத நேரத்தில் ஓட விடுவது அவ்வளவு ஆபத்தாம்.

அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்துவிட்டது. வாயில் நுரை, நாய் இரைப்பது மாதிரி மூச்சு, பின்னங்கால் பின்னிக்கொண்டு தள்ளாட்டம். விழுந்த ஆடுகள் கழுத்தைப் பின்னால் வளைத்து இழுத்துக்கொண்டன. அந்த நேரத்தில் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டது என் அக்கா மகன். கால்நடை ஆம்புலன்ஸ் வேறொரு ஊரில் கன்று தலைமாறி நின்ற மாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் போனை வைக்காமல், என்ன தின்றது, எத்தனை விழுந்திருக்கிறது என்று கேட்டு, உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மருந்தோடு வந்தும் சேர்ந்தார்கள். அந்த ஊர்தியில் வந்தவர்களுக்கும், போனில் பேசிய அந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

டாக்டரம்மா வீட்டில் இருந்து ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வந்ததும் ஊசியைக் கையில் எடுப்பார் என்று நினைத்தோம். எடுக்கவில்லை. மாட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், அப்புறம் காது நரம்பில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்து விளக்கில் பிடித்தார். ரத்தம் செம்பருத்தி நிறத்தில் பளிச்சென்று இருந்தது. "சரி, சயனைடுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் மருந்துப்பெட்டியைத் திறந்தார். எனக்குப் பதற்றத்தில் அது தாமதமாகத் தெரிந்தது. மறுநாள் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். யூரியா அதிகம் போட்ட பயிரில் நைட்ரேட் நஞ்சும் வரும். அதிலும் மாடு இப்படித்தான் மூச்சு வாங்கிச் சாயும். ஆனால் அப்போது ரத்தம் சாக்லேட் மாதிரிப் பழுப்பாக இருக்கும், அதற்கு மருந்து மெத்திலீன் புளூ. சயனைடுக்குப் போடும் சோடியம் நைட்ரைட்டை அதற்குப் போட்டால் மாட்டை நாமே கொன்றதாகிவிடும். பூச்சிமருந்து என்றால் கண்ணின் பாவை சுருங்கியிருக்கும், அதற்கு வேறு ஊசி. அத்தனை அழுகைக்கும் கூச்சலுக்கும் நடுவில் நிதானமாகப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சோளத் தழையில் துரின் என்று ஒன்று இருக்கிறதாம். தழை முழுசாக இருக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். ஆடு மென்று அரைத்ததும் தழையிலேயே இருக்கும் இன்னொரு பொருளோடு கலந்து ஹைட்ரோசயனிக் அமிலமாக, அதாவது சயனைடு நஞ்சாக மாறிவிடும். அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் அதைச் சேர்ந்து உடைப்பதால் இன்னும் வேகம். ஒரு கிலோ உடல் எடைக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம். ரத்தத்தில் பிராணவாயு இருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். ரத்தம் அப்படிச் சிவந்து கிடப்பது அதனால்தான். முதலில் நைட்ரைட் ஊசி, அது சயனைடைச் செல்லில் இருந்து பிரித்து ரத்தத்தில் பிடித்துவைக்கும். பின்னாலேயே சோடியம் தயோசல்பேட், அதுதான் ஹைப்போ. அதில் உள்ள கந்தகம் நஞ்சோடு சேர்ந்து, சிறுநீரில் வெளியேறுகிற மாதிரி மாற்றிவிடும். இரண்டும் நரம்பில்தான் ஏற வேண்டும். துடிக்கிற ஆட்டின் கழுத்து நரம்பைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை. மண்டிபோட்டு ஒவ்வொரு ஆடாக அவர் போட்டார். கூடவே தலையைப் பிடித்த கால்நடை உதவியாளர் அண்ணனின் கையில் கடிபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

ஊசி போட்ட பிறகும் வயிற்றில் கிடக்கும் தழையில் இருந்து நஞ்சு ஊறிக்கொண்டே இருக்கும், அதற்காக ஹைப்போவை வாய்வழியாகவும் கொடுக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த இருப்பு மாடுகளுக்கே சரியாகப் போய்விட்டது. "கலர் மீன் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள், தொட்டித் தண்ணீரில் குளோரின் எடுக்க அதைத்தான் போடுவார்கள்" என்று டாக்டரம்மாதான் சொன்னார். யாருக்கும் தோன்றாத யோசனை. தாராபுரத்தில் கடையை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய தம்பி, விஷயத்தைக் கேட்டதும் ஷட்டரைத் திரும்பத் தூக்கி, இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டார். காசு வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்றாராம். டாக்டரம்மா எடை போட்டுக் கரைத்துத் தர, ஊர்ப் பிள்ளைகள் ஆட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைகள். விடிகிற வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

மாடுகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஆடுகளில் நான்கு போய்விட்டன, அதில் ஒன்று நிறைசினை. அதைப் பற்றி இப்போதும் என்னால் அதிகம் பேச முடியாது. மற்றதெல்லாம் இன்று மேய்கின்றன.

செத்த ஆடுகளைக் கறிக்குக் கேட்டு விடியற்காலையிலேயே ஆள் வந்துவிட்டது. நாங்கள் பதில் சொல்லும் நிலையில் இல்லை. பால் சொசைட்டி செயலாளர் மாமாதான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது அவரும் அவர் பிள்ளைகளும். நஷ்டத்தோடு நஷ்டமாக நாலு காசு பார்க்கலாம் என்று யாருமே எங்களிடம் சொல்லவில்லை. இந்த ஊரில் வாக்கப்பட்டதற்கு நான் பெருமைப்படுகிறேன்.

காட்டுக்காரர் பெரியப்பாவை விட்டுவிட முடியாது. அவர் காட்டில் எங்கள் பட்டி புகுந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் ரொட்டவேட்டர் விட்டு மொத்தக் கட்டையையும் மடக்கி உழுதுவிட்டார். அதற்கு முன்னால் டாக்டரம்மா நாலு துளிரைப் பறித்து நசுக்கி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, பிக்ரேட் என்ற ரசாயனத்தில் நனைத்த மஞ்சள் காகிதத் துண்டைத் தழையில் படாமல் உள்ளே தொங்கவிட்டு மூடினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் காகிதம் செங்கல் நிறத்துக்கு மாறியது. தழையில் சயனைடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். கண்ணேறு என்று சொன்னவர்கள் அங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ஆலமரத்தடியில் டாக்டரம்மா எல்லோருக்கும் சொன்னதை, வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். சோளம் பூக்கும் முன்னால் பச்சையாக வெட்டிப் போடவோ மேயவிடவோ வேண்டாம். விதைத்து வந்த பயிரைவிடக் கட்டையில் வரும் மறுதாம்புத் துளிர் மோசம். அதிலும் காய்ந்து கிடந்து மழைக்குத் துளிர்த்தது இன்னும் மோசம். பசியோடு வருகிற ஆடு அவசரமாகத் தின்பதால் நஞ்சு ஒரேயடியாக ஏறும், அதனால் காலையில் கொஞ்சம் உலர்தீவனம் போட்டுவிட்டே ஓட்டுங்கள். தட்டை வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிவிடும், ஆகவே போரில் இருக்கும் தட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். தீவனத்துக்கென்றே விதைப்பவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எஃப்.எஸ். 29 மாதிரி நஞ்சு குறைந்த ரகத்தைப் போடலாம். முதல் அறுப்பு 65 நாளில், அதற்குப் பின் 50 நாளுக்கு ஒன்று. மரவள்ளித் தழையிலும் இதே சயனைடு உண்டு, பச்சையாகப் போடாதீர்கள்.

மீன் கடைத் தம்பிக்குப் பணம் கொடுத்தாயிற்று, வாங்க மாட்டேன் என்றுதான் நின்றார். அவரிடமே இன்னும் கொஞ்சம் ஹைப்போ வாங்கிப் பால் சொசைட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம். எந்த எடைக்கு எவ்வளவு என்று டாக்டரம்மா தன் கையால் எழுதிய அட்டை, ஹைப்போ டப்பாவிலேயே ஒட்டியிருக்கிறது. அவருக்கோ 1962-க்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கரைக்க வேண்டும். அலமாரிச் சாவி ஒன்று செயலாளர் மாமாவிடம், இன்னொன்று எதிரில் இருக்கும் டீக்கடையில். நடுச்சாமம் என்றாலும் தயங்காமல் எழுப்புங்கள்.