பூட்ஸ் வெடித்த கதை

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை அமைந்தது பெரிய நிம்மதி. மழையால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய்க் கையில் பணப்புழக்கம் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்தபோது மனம் கனத்தது.

இங்கே ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் மழைக்கு என்றுமே பஞ்சமில்லை. மாட்டு வைத்தியனுக்குப் பகல் முழுவதும் தொழுவத்தில்தான். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. சென்ற ஆண்டு நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜோடி அதற்குள் கணுக்கால் மடிப்பில் வெடித்துவிட்டது. கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் அருகே சாண நீர் ஊறிய காலுறையோடு இரவெல்லாம் நின்றால் தெரியும், என் கோபம் எவ்வளவு நியாயமானது என்று. பக்கத்துப் பண்ணைக்காரர் பத்தாண்டுக்கு மேலாக ஒரே ஜோடியைப் போட்டு உழைக்கிறார்.

ரப்பரைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ரப்பர் ஷீட் உன் கையை விட்டுப் போன பிறகுதான் பூட்ஸின் ஆயுள் தீர்மானமாகிறது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். அப்படி உறுதிப்பட்ட ரப்பருக்கும் காற்றிலுள்ள ஓசோன் பகைதான். இழுபட்டும் மடிந்தும் இருக்கும் இடத்தை அது பிளக்கும். நடக்க நடக்கக் கணுக்கால்தான் ஓயாமல் மடிகிறது. மெழுகும் சில காப்பு இரசாயனங்களும் கலவையில் இருந்தால் வெடிப்பு தள்ளிப்போகும். செலவைக் குறைக்க வேண்டுமானால் அவற்றில் கைவைத்து, சுண்ணாம்புத் தூளைக் கூட்டிவிடலாம். கடையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

முதல் உலகப் போரில், பதுங்குகுழிச் சேற்றில் கால் அழுகிய சிப்பாய்களுக்காக எடின்பரோவின் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி 11 லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகளைச் செய்து கொடுத்தது. சேற்றில் நிற்கிறவனை நினைத்துச் செய்த பொருள் அது. இன்று கடைகளை நிறைப்பவை சேறான திறந்தவெளியில் நடக்கும் இசை விழாவுக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்தவை. இரண்டு நாள் போடுவதற்கு மெல்லிய ரப்பரும் அழகான நிறமும் போதும். அதையே உழைப்பாளியிடமும் அதே விலைக்கு விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒட்டுப்போட்டுத் தருகிறவரும் அருகில் யாரும் இல்லை.

உன் தோட்டத்தில் பால் வெட்ட வருகிறவர்கள் பூட்ஸ் போடுகிறார்களா? இருட்டு விலகும் முன்பே ஈரப் புல்லில் நடக்கிறவர்கள். விரியனும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. வாங்கும்போது கணுக்கால் பகுதியை நன்றாக மடித்துப் பார். மடித்த இடம் வெளுத்துக் கோடு விழுந்தால் வேண்டாம். வெயிலில் காய வைக்காமல், மடித்துப் போடாமல் நிழலில் நிற்க வைக்கச் சொல். அவர்களுடைய கால் அளவுகளை எழுதி அனுப்பு. டிசம்பரில் வரும்போது பண்ணைக்காரர்கள் வாங்கும் கடையிலிருந்து எடுத்து வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ஜெபராஜ்